நாற்பத்தொன்றாம் எண்ணின் ரத்தம்

ஆராய்ச்சி நிலையத்துக்கு வெள்ளி விழாவாம். மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். "சந்தோஷமான அனுபவமா இருந்தா நல்லதுங்க மேடம்" என்று அலுவலகத்துப் பெண் போனில் சொன்னாள். அவள்மேல் குற்றமில்லை, சொல்லச் சொன்னதைச் சொன்னாள். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் அங்கே உழைத்தவளிடம் சந்தோஷத்தை மட்டும் கிள்ளிக் கொடு என்று கேட்க என்ன துணிச்சல் வேண்டும். சந்தோஷம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. இரண்டு பக்கத்தில் அடங்காது, அச்சில் ஏற்றுவார்களா என்பதும் சந்தேகம். இருந்தாலும் எழுதுகிறேன்.

எனக்குப் பெயர் பத்மா. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயங்களில் ஐந்தாம் லயத்தில் பிறந்தேன். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் பதினைந்து வருடம் கொழுந்தெடுத்தேன். தோட்டத்து ஓரத்தில் காலியாகக் கிடந்த பழைய துரை பங்களாவை ஒரு பல்கலைக்கழகம் எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியபோது, தமிழும் மலாயும் இங்கிலீசும் பேசத் தெரிந்த ஆள் தேடினார்கள். மலையேறத் தெரிந்தும் இருக்கவேண்டும், அட்டைக்கடிக்கும் பயப்படக்கூடாது. அப்படிப் போய்ச் சேர்ந்ததுதான். 'கள உதவியாளர்' என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். பயிற்சி இரண்டு வாரம். மூன்றாவது வாரம் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மண் எடுப்பதைச் சொல்கிறேன். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கவேண்டும், ஆனால் சுரண்டக்கூடாது. குழாயை நேராக வைத்து ஒரு சாண் ஆழம் இறக்கவேண்டும். சரிவில் நிற்கும்போது கை தானாகவே சாயும், அப்படிச் சாய்ந்தால் மண் பொய் சொல்லும். பைக்குள் ஒரு சீட்டு, பைக்கு வெளியே ஒரு சீட்டு. இரண்டிலும் பென்சிலால் எழுதவேண்டும், பேனாவால் எழுதினால் நம் ஊர் மழையில் அரை மணி நேரத்தில் அழிந்துபோகும். இந்த வேலையில் நான் ஒரு பையைக்கூட மாற்றி எழுதியதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மண்ணுக்கு நாங்கள் இரண்டு சீட்டு வைத்தோம். மனிதர்களுக்கு ஒன்றுதான் வைத்தோம்.

எத்தனை விதமான ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள் தெரியுமா? தோட்டத்திலிருந்தும் காய்கறிக் கொல்லைகளிலிருந்தும் எவ்வளவு மண் வழிந்து அணைக்கட்டு ஏரியில் சேர்கிறது என்று ஒருவர் அளந்தார். மழை பெய்தால் அவருக்குக் கொண்டாட்டம், எங்கள் லயத்துக் கூரை ஒழுகுவது அவருக்குக் கண்ணில் படாது. பிரிஞ்சாங் மலையுச்சிப் பாசிக்காட்டில் தவளைச் சத்தம் பதிவு செய்ய ஒரு அம்மா வந்தார். பதினோரு வகைத் தவளையைச் சத்தத்திலேயே பிரித்துச் சொல்வார். என் பெயரைக் கடைசிவரை 'பிரேமா' என்றே கூப்பிட்டார். பொருளாதாரம், வானிலை, பூஞ்சை, கோயில் திருவிழா என்று ஆளாளுக்கு ஒன்று. ஒரே மலையில் ஒரே சமயத்தில் நான்கு பேர் நான்கு திசையில் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்ததில்லை. குருடர்கள் யானை பார்த்த கதைதான். நான்கு பேருக்கும் பை தூக்கியவள் நான் என்பதால் யானை முழுதாகத் தெரிந்தது எனக்கு மட்டும்தான். என்னை யாரும் கேட்கவில்லை.

பொருளாதாரக்காரர் ஒருவர் வாரத்துக்கு எத்தனை முட்டை சாப்பிடுகிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். கங்காணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். கங்காணி எதிரே எவளாவது வீட்டில் முட்டை இல்லை என்று சொல்வாளா? மானம் போகாதா? எல்லோரும் தாராளமாகச் சொன்னார்கள். தோட்டத் தொழிலாளர்கள் சத்தாகச் சாப்பிடுகிறார்கள் என்று அறிக்கை வந்தது. இன்னொரு அம்மா சமூக ஆராய்ச்சி என்று மூன்று மாதம் லயத்திலேயே தங்கினார். எல்லார் வீட்டுச் சாம்பாரையும் ருசி பார்த்தார். போன பிறகு, இந்தப் பெண்கள் தங்கள் வேதனையைப் பற்றி மௌனம் காக்கிறார்கள் என்று எழுதினார். நாங்களா மௌனம் காத்தோம்? அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் போகாத நாளெல்லாம் அவருக்கு மௌனமாகத் தெரிந்திருக்கிறது.

இதையெல்லாம் நான் நிலையத்துத் தலைவர் டாக்டர் சுகுமாரனிடம் சொல்லாமல் இல்லை. அவரைப் பற்றிச் சொல்லவேண்டும். கோலாலம்பூர்க்காரர், தமிழர். ஒருநாளும் குரல் உயர்த்தியவர் அல்ல. குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். நாம் பேசும்போது குறுக்கே பேசமாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுப்பார். சின்ன நோட்டில் எழுதுவார். "நல்ல பாயிண்ட் பத்மா" என்பார். பென்சிலைத் திரும்பச் சட்டைப் பையில் செருகுவார். அவ்வளவுதான், அதோடு அந்த விஷயம் செத்தது. முட்டை விஷயம் அந்த நோட்டுக்குள் போனது, மௌன விஷயமும் போனது. கத்துகிற மேலதிகாரியிடம் திருப்பிக் கத்தலாம். நம்மைப் பாராட்டுகிறவரிடம் என்ன செய்வது? சில வருடம் அவரை நான் தெய்வம் மாதிரி நினைத்தேன். அதுவும் என் முட்டாள்தனம்.

நான் ஓய்வு பெறுவதற்கு எட்டு வருடத்துக்கு முன்னால் வந்தது அந்த ரத்த ஆராய்ச்சி. அது டாக்டருடைய சொந்த ஆராய்ச்சி. பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் உடம்பில் மருந்து ஏறினால் ரத்தத்தில் ஒரு சத்து குறையும், அதை அளந்து பார்க்கலாம் என்றார். எங்கள் தோட்டத்தில் முதுகில் பம்பு கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற செட்டில் அறுபது பேர், பாதிக்கு மேல் பெண்கள். லயம் லயமாகப் போய் அவர்களிடம் சம்மதம் வாங்கியவள் நான். தாளில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். வேலை, சாப்பாடு, தூக்கம் என்று நூறு கேள்விக்கு மேல் கேட்டுப் பதில் எழுதினேன். அப்போது பார்வதி கேட்டாள், "முடிவு வந்தா எங்களுக்குச் சொல்வீங்களாக்கா?" தாளில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "சொல்லாம இருப்பாங்களா, போடி" என்றேன். வாக்குக் கொடுத்தது பல்கலைக்கழகம் இல்லை, நான்.

பார்வதிக்கு எண் நாற்பத்தொன்று. ஆறாம் லயத்துப் பெண், எனக்குத் தங்கை மாதிரி. அவள் கணவனின் அண்ணன் மனைவி லெச்சுமி, அதே வீட்டில் இருந்தாள். அண்ணன் செத்துப்போன பிறகு லெச்சுமி ரிங்லெட் பக்கம் ஒரு காய்கறிக் கொல்லைக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். என் வயதுதான் அவளுக்கும்.

டாக்டர் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். ரத்தம் எடுக்கிறவர்களுக்கு யார் பெயரும் தெரியக்கூடாது, எண் அட்டை மட்டும் பார்க்கவேண்டும். பெயர் தெரிந்தவள் ரத்தம் எடுக்கிற இடத்தில் நிற்கக்கூடாது. ஆகவே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையில் நின்று, மருந்து ஒட்டியிருந்தால் முடிவு கெட்டுவிடும் என்று சோப்புப் போட்டுக் கை கழுவி, விரலை நீட்டிக்கொண்டிருந்தபோது, நான் பங்களாவில் எண்ணும் பெயரும் எழுதிய நோட்டைப் பூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். களத்தில் நின்றவர்கள் எல்லோரும் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குப் பார்வதியும் ஒன்றுதான், லெச்சுமியும் ஒன்றுதான்.

தோட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தியால் வேலைக்கு வரமுடியவில்லை என்றால், அதே வீட்டிலிருந்து இன்னொருத்தி அவள் அட்டையை மாட்டிக்கொண்டு வருவாள். கங்காணி கண்டுகொள்ளமாட்டார். ஆள் எண்ணிக்கை சரியாக இருந்தால் அவருக்குப் போதும். நானே பள்ளி விடுமுறையில் அம்மாவின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொழுந்தெடுத்தவள். தவளை அம்மாவுக்கும் மண் அளந்தவருக்கும் இது தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலையில் அது எனக்கு உறைக்கவில்லை. ரத்தத்தில்கூடவா ஆள் மாற்றி அனுப்புவார்கள் என்று நினைக்கவே தோன்றவில்லை. படித்தவர்களோடு சேர்ந்து சேர்ந்து நானும் லயத்தை வெளியிலிருந்து பார்க்கப் பழகிவிட்டேன் போலிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து முடிவுத் தாள் வந்தது. நகல் எடுக்கச் சொல்லி டாக்டர் என்னிடம் கொடுத்தார். எண்ணும் அளவும் மட்டும் இருந்த தாள். நாற்பத்தொன்றுக்கு எதிரே இருந்த அளவு மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். அவர் பார்த்திருக்கிறார்.

"டாக்டர், இந்த நாப்பத்தொன்னு…"

"ம், நானும் பார்த்தேன். நல்லா கவனிச்சிருக்கீங்க பத்மா."

"அவகிட்ட சொல்லணும்ல டாக்டர்? இன்னும் பம்பு தூக்கிக்கிட்டுதான் இருக்கா."

"சொல்லக்கூடாது. இது நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல, ஆராய்ச்சிக்கு எடுத்தது. யாரோட முடிவும் வெளிய போகாதுன்னு கையெழுத்துப் போட்டுத்தான் ஆரம்பிச்சோம். பல்கலைக்கழகக் கமிட்டிக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

"பதில் வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஆயிட்டா?"

அவர் பென்சிலை எடுத்தார். எழுதினார். செருகினார்.

நியாயத்தைச் சொல்லவேண்டும். அந்த விதி சும்மா வந்ததல்ல. தோட்டத்து மானேஜர் ஒருநாள் நேரில் வந்து, உடம்பு கெட்டவர்கள் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்திருந்தால் அத்தனை பேருக்கும் மறுநாளே சீட்டுக் கிழிந்திருக்கும். டாக்டர் கொடுக்கவில்லை. அதற்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மானேஜரிடமிருந்து காப்பாற்ற வைத்த ரகசியத்தை, ரத்தம் கொடுத்தவளிடமிருந்தே காப்பாற்றுவது என்ன நியாயம்? அவள் உடம்பில் ஓடுகிற ரத்தம் அவளுக்கு மட்டும் ரகசியமா? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கமிட்டியிலிருந்து பதில் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு, வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த பார்வதியைக் குழாயடியில் நிறுத்தினேன்.

"பாரு, மருந்தடிக்கிற வேலைய விட்டுடு."

"ஏன்க்கா? யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"காரணம் கேக்காத. கொழுந்துக்கு மாத்திக்க."

"கங்காணி கத்துவாருலா. பம்புக்கு ஆள் பத்தலன்னு ஏற்கெனவே கத்திக்கிட்டு இருக்காரு."

"தோள்வலின்னு சொல்லு. நான் சொன்னா கேப்பியா மாட்டியா?"

"சரிக்கா" என்றாள். என்மேல் அத்தனை நம்பிக்கை. அடுத்த திங்கட்கிழமை கொழுந்துக்கு மாறிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை. பாம்பும் சாகவில்லை, பாம்படித்த கோலும் நோகவில்லை. விதியை உடைக்கவில்லை, முடிவு என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை, ஆனால் பார்வதியைக் காப்பாற்றிவிட்டேன். என்னைப் போல சாமர்த்தியசாலி உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போயிருக்கும். காலை பத்து மணி சுமாருக்கு ரோட்டோரத்து மழைமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். மேல் மலையிலிருந்து தோட்டத்து லோரி வேகமாக இறங்கி வந்தது. பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே ஒரு பெண்ணைக் கிடத்தியிருந்தார்கள். பார்வதி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கைகாட்டி நிறுத்தி நானும் ஏறினேன். கிடந்தவள் லெச்சுமி. உடம்பெல்லாம் வேர்வை, வாயில் நுரை, கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. கை கால் தானாக வெட்டிவெட்டி இழுத்தது.

"லெச்சுமி எப்படி இங்க? அது கொல்லைக்குத்தானே போகும்?"

"நான் பம்ப விட்டதும் வீட்டுலேர்ந்து வேற ஆள அனுப்புன்னு கங்காணி சொல்லிட்டாருக்கா. அக்காதான் என் இடத்துல ஏறிச்சு. சாயந்தரம் கொல்லையிலயும் போய் மருந்தடிச்சிட்டுதான் வரும்."

அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் அங்கிருந்த டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே கேட்டார், இவர் எவ்வளவு நாளாக மருந்தோடு வேலை செய்கிறார், ரத்தம் எப்போதாவது பார்த்திருக்கிறார்களா என்று. மலாயில் கேட்டார். பார்வதிக்கு நான் தமிழில் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடமே சொன்னாள்:

"பார்த்தாங்களேக்கா, உங்க ஆளுங்கதான். பெரட்டுல எடுத்தாங்கல்ல, அன்னைக்கு எம் பையனுக்கு ஸ்கூல்ல ரிப்போட்டு வாங்கப் போயிட்டேன். என் அட்டைய மாட்டிக்கிட்டு அக்காதான் போச்சு."

அதை நான் அந்த டாக்டருக்கு மொழிபெயர்க்கவேண்டும். கொல்லை மருந்தில் ஏற்கெனவே பாதி செத்திருந்த ரத்தம் லெச்சுமியுடையது. அவளைத்தான் நான் என் சாமர்த்தியத்தால் இன்னொரு பம்பையும் தூக்க வைத்திருக்கிறேன். ஒருவழியாகச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த அளவையும் சேர்த்து. என் வேலையில் முதல் தடவையாக ஒரு விதியை முழுதாக உடைத்தேன். அதற்குள் உடைக்கவேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

லெச்சுமி பிழைத்தாள். ஈப்போவுக்குக் கொண்டுபோய் பதினாறு நாள் வைத்திருந்தார்கள். வலது கை நடுக்கம் மட்டும் போகவில்லை.

டாக்டர் சுகுமாரன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஒரு பை ஆரஞ்சு வாங்கிக் கொடுத்தனுப்பினார். நாற்பத்தொன்று பார்வதி இல்லை என்பதையும், லயத்துப் பழக்கத்தையும் நான் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார். "இன்னும் எத்தனை பேர் மாறியிருப்பாங்கன்னு கேட்டுப் பார்க்கணும் டாக்டர். எல்லாருக்கும் முடிவைச் சொல்லிடணும்" என்றேன். நோட்டில் எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்துத் திருத்திய அட்டவணை என் மேசைக்கு வந்தது. நாற்பது இருந்தது, அடுத்து நாற்பத்திரண்டு இருந்தது. சந்தேகத்துக்குரியது என்று நாற்பத்தொன்றை எடுத்துவிட்டார்கள். அறுபது பேரில் ஒன்று போனால் மொத்த முடிவு மாறாதாம். அதுவும் சரிதான், மாறவில்லை. ரத்தம் கெட்டுப்போயிருந்த ஒரே ஒருத்தியை எடுத்துவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் நன்றாகத்தானே இருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூட்டைத் திறந்து நோட்டை எடுத்தேன். முடிவுத் தாளின் நகலையும் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. முதல் லயத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் பேசாமல் உள்ளே போய் உட்கார்ந்து, அவரவர் அளவை அவரவருக்கு மட்டும் சொன்னேன். ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "அன்னைக்கு விரல நீட்டுனது யாரு?" இன்னும் நான்கு வீடுகளில், அது நான் இல்லை, தங்கச்சி, மருமகள் என்றார்கள். கேட்டதும் சொல்லிவிட்டார்கள். ஒளிப்பதற்கு அவர்களிடம் எதுவுமே இல்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நம்பிக்கைத் துரோகம் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுச் சிரித்தேன். யாருடைய நம்பிக்கைக்கு? கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை என்னை மனிதர்கள் சம்பந்தப்பட்ட எந்த ஆராய்ச்சியிலும் சேர்க்கவில்லை. மழையும் மண்ணும் பார்த்துக் காலம் தள்ளினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறாம் லயத்து வீட்டைக் கடைசியாகத்தான் வைத்திருந்தேன். போகத் தைரியம் வரவில்லை. லெச்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கைந்து நாள் ஆகியிருந்தது. அடுப்புப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பார்வதி கடைக்குப் போயிருந்தாள்.

"லெச்சுமி, அந்த நாப்பத்தொன்னு உன் ரத்தம். ரொம்பக் கொறஞ்சு இருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ பம்பு தூக்குறதுக்கு முன்னாடியே. ஆனா அது பாருவோடதுன்னு நெனச்சேன். அதான் அவள வேலைய விடச் சொன்னேன்."

அவள் இடது கையால் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"பாருகிட்ட ரத்தம்னு சொன்னியா?"

"இல்ல. சொல்லக்கூடாதுன்னு ரூல். தோள்வலின்னு சொல்லிக்கன்னேன்."

"ரத்தம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே பத்மா. 'நான் எங்க ரத்தம் குடுத்தேன், லெச்சுமியக்காதானே போச்சு'ன்னு பாரு அந்தக் குழாயடியிலேயே சொல்லியிருப்பாளே."